நூறு டாலர் கொடுத்தால் என் பெயர் வெளியே வருமா?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். பெற்றோர் வழியாக கிரீன் கார்டு கிடைத்து நியூஜெர்சியில் வசிக்கிறேன். கணவர் திருச்சிக்காரர், எச்-1பி விசாவில் இருக்கிறார். அரசு ஒப்பந்தங்கள் எடுக்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. வாரண்ட் இல்லாமல் மக்களின் செய்திகளை அரசு துழாவக் கூடாது என்று பேசும் ஒரு நாடாளுமன்ற வேட்பாளருக்கு நூறு டாலர் அனுப்ப நினைக்கிறேன். என் பெயர் வெளியே வருமா? வேலைக்கோ குடியுரிமை விண்ணப்பத்துக்கோ பாதகம் உண்டா? கோடீஸ்வரர்கள் அள்ளிக் கொட்டும் இடத்தில் இந்த நூறு டாலர் எந்த மூலைக்கு?

பதில்: தேர்தல் குழுக்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். அந்தப் பழக்கத்தில், நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் கேட்கிறேன். பணம் எந்தக் கணக்கிலிருந்து போகப்போகிறது?

கிரீன் கார்டு உள்ளவர் அமெரிக்கத் தேர்தலில் நன்கொடை கொடுக்கலாம். வாக்களிக்க மட்டும் முடியாது. எச்-1பி விசாவில் இருப்பவர் கொடுக்கவே கூடாது. மத்தியத் தேர்தல், மாநிலத் தேர்தல், ஊராட்சித் தேர்தல் எதுவானாலும் இதே விதிதான். கூட்டுக் கணக்கின் காசோலையில் யார் கையெழுத்திடுகிறாரோ, அவர் கொடுத்ததாகவே கணக்கு. ஆகவே காசோலை உங்கள் கையெழுத்தில், உங்கள் சம்பளப் பணத்திலிருந்து போகட்டும். கணவரின் பணத்தை வாங்கி உங்கள் பெயரில் கட்டுவது தனிக் குற்றம். மும்பையில் பிறந்த எழுத்தாளர் தினேஷ் டிசூசா 2012இல் இப்படிச் செய்துதான் பிறகு மாட்டிக்கொண்டார். நியூயார்க் செனட் வேட்பாளருக்காகப் பிறர் பெயரில் 20,000 டாலர் கொடுக்கவைத்து, அந்தப் பணத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2018இல் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அந்த மன்னிப்பு உங்களுக்கும் எனக்கும் வராது. உங்கள் கணவருக்கு ஆர்வம் இருந்தால், ஊதியம் வாங்காமல் தொண்டராக வேலை செய்யலாம். அதற்குத் தடை இல்லை.

இனி பெயருக்கு வருவோம். ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தல் சுழற்சியில் நீங்கள் கொடுத்தது 200 டாலரைத் தாண்டினால், குழு உங்கள் பெயர், முகவரி, தொழில், நிறுவனம் ஆகியவற்றை மத்தியத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு டாலர்தானே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஆக்ட்புளூ, வின்ரெட் போன்ற இணைய வாயில்கள் வழியாக அனுப்பினால் கணக்கு மாறிவிடும். அவை இடைத்தரகர்கள் என்பதால், தங்கள் வழியாகப் போகும் ஒவ்வொரு டாலரையும் கொடுத்தவர் பெயரோடு தெரிவிக்கின்றன. ஐந்து டாலர் கொடுத்தவரையும் அங்கே தேடிக் கண்டுபிடித்துவிடலாம். பெயர் வெளியே வர வேண்டாம் என்றால் பழைய வழிதான்: காசோலை எழுதி, உறையில் போட்டு, வேட்பாளர் குழுவின் முகவரிக்கு நேராக அனுப்புங்கள். மொத்தம் 200 டாலருக்குள் இருக்கும்வரை பொருளாளரின் ஏட்டில் உங்கள் பெயர் இருக்கும். ஆணையத்தின் பக்கத்தில் வராது. ரொக்கமாக 100 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது.

வெளியே வந்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரையே தட்டிப் பாருங்கள். ஒரு வரி வரும்: பெயர், ஊர், ஜிப் எண், தொழில், நிறுவனம், தேதி, தொகை. அவ்வளவுதான். ஆனால் பத்து வருடம் கழித்தும் அந்த வரி அங்கேயே இருக்கும். இந்தப் பட்டியலை எடுத்து நன்கொடை கேட்கவோ வியாபாரம் செய்யவோ சட்டம் அனுமதிப்பதில்லை. திருடர்களைப் பிடிக்க எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. ஒவ்வொரு அறிக்கையிலும் பத்துப் பொய்ப் பெயர்கள்வரை சேர்த்துக்கொள்ள ஆணையமே அனுமதிக்கிறது. எவை பொய் என்று ஆணையத்துக்கு மட்டும் தனியாகத் தெரிவித்துவிடுவோம். இல்லாத அந்த ஆளுக்கு ஒரு விளம்பரக் கடிதம் வந்து சேர்ந்தால், பட்டியலை யாரோ களவாடியிருக்கிறார்கள் என்று பொருள். எங்கள் பேச்சுவழக்கில் இதற்கு ‘உப்புத் தூவுவது’ என்று பெயர்.

உங்கள் நிறுவனம் அரசு ஒப்பந்ததாரர் என்பதால் நிறுவனம்தான் நன்கொடை தரக்கூடாது. அதன் ஊழியர் சொந்தப் பணத்தில் தரலாம். சட்டப்படி சரி என்பதால் மேலாளர் முகம் சுளிக்கமாட்டார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்ய 2008இல் வந்த வாக்கெடுப்புக்கு பிரெண்டன் ஐக் 1,000 டாலர் கொடுத்திருந்தார். ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லாவின் தலைமை அதிகாரியாக 2014இல் பதவியேற்ற சில நாட்களில் அந்தப் பழைய வரியை யாரோ தோண்டி எடுத்தார்கள், எதிர்ப்பு கிளம்பியது, அவர் பதவி விலகினார். தனியார் ஊழியர் எந்த அளவுக்குப் பாதுகாக்கப்படுகிறார் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பயமிருந்தால் காசோலை, உறை, 200 டாலருக்குள்.

அப்படியானால் கோடீஸ்வரர்கள் மட்டும் எப்படி மறைந்துகொள்கிறார்கள்? எனக்கே எரிச்சல் வரும் இடம் இது. 1950களில் அலபாமா மாநில அரசு, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்ஏஏசிபியிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. பட்டியல் கைக்குப் போனால் வேலை போகும், வீடு எரியும். கொடுக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1958இல் தீர்ப்பளித்தது. சங்கம் சேரும் உரிமைக்குள் பெயரை மறைக்கும் உரிமையும் அடங்கும் என்ற கருத்து அங்கே வேர் பிடித்தது. கோடீஸ்வரத் தொழிலதிபர்களான கோக் சகோதரர்கள் வளர்த்த ‘அமெரிக்கன்ஸ் ஃபார் பிராஸ்பெரிட்டி’ அறக்கட்டளை, கலிபோர்னியா அரசு பெரிய நன்கொடையாளர் பட்டியலைக் கேட்டபோது அதே தீர்ப்பைத்தான் கையில் எடுத்தது. 2021இல் 6–3 என்று வென்றது. குடிமக்களின் உரிமைகளுக்காக நிற்கும் ஏசிஎல்யூவும், என்ஏஏசிபியின் சட்ட நிதியமும் அந்த வழக்கில் கோக் தரப்பை ஆதரித்து மனு போட்டன. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். தம் உறுப்பினருக்கு அந்தக் கூரை தேவை என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே கூரையின் கீழ் யானையும் வந்து நின்றுகொள்கிறது. சிகாகோ தொழிலதிபர் பேரி சைட் 2021இல் ஓர் அரசியல் அறக்கட்டளைக்கு 160 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்தார். பத்திரிகையாளர்கள் 2022இல் வெளியே கொண்டுவரும்வரை வெளியில் யாருக்கும் தெரியாது. சிறிய தொகையை இணைய வாயிலில் கொடுத்தவள் பெயர் உடனே பட்டியலில். 160 கோடி கொடுத்தவர் பெயர் ஓராண்டு இருட்டில்.

அந்தப் பெரிய பணம் எந்தப் பக்கம் சாய்கிறது? பணக்காரர் என்றால் பாதுகாப்புக் கெடுபிடியின் பக்கம், ஏழை என்றால் உரிமையின் பக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோடீஸ்வர முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸ், அதிபர் புஷ்ஷின் ‘பயங்கரவாதத்துக்கு எதிரான போரை’ வெளிப்படையாக எதிர்த்தார். 2004இல் புஷ்ஷைத் தோற்கடிக்க 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார். புஷ் வென்றார். தொழில்நுட்பக் கோடீஸ்வரர் பீட்டர் தீல் கதை இன்னும் வேடிக்கை. 2003இல் அவர் தொடங்கிய பலன்டிர் நிறுவனத்தில் ஆரம்பத்திலேயே முதலிட்டது சிஐஏவின் முதலீட்டுக் கிளை. உளவுத் துறைக்குத் தரவுகளை இணைத்துத் தேடும் மென்பொருள்தான் அதன் சரக்கு. அதே தீல், 2012இல் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் நின்ற ரான் பாலுக்காக வேலை செய்த சூப்பர் பேக் அமைப்புக்கு 26 லட்சம் டாலர் கொடுத்தார். உளவுச் சட்டமான பேட்ரியட் சட்டத்தை 2001இல் எதிர்த்து வாக்களித்த மூன்று குடியரசுக் கட்சியினரில் ஒருவர் ரான் பால். ஒரு கையில் கண்காணிப்புக் கருவி, மறு கையில் கண்காணிப்பை எதிர்க்கும் வேட்பாளர். அந்த மனிதருக்குள் என்ன ஓடியது என்று நான் ஆராயப் போவதில்லை. அவர் எந்தப் பக்கத்துக்கும் பந்தயம் கட்ட வல்லவர், நீங்கள் ஒரு பக்கத்துக்குத்தான் கட்ட முடியும் என்பது மட்டும் தெரிகிறது.

சூப்பர் பேக் என்றால் என்ன என்று கேட்பீர்கள். வேட்பாளருக்கு நேராகக் கொடுக்க வரம்பு உண்டு. 2025–26 சுழற்சியில் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். வேட்பாளரோடு கூடிப் பேசாமல் தனித்துச் செலவிடும் குழுவுக்கு வரம்பே இல்லை. 2010 ஜனவரி 21 அன்று சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5–4 என்று திறந்துவிட்ட கதவு அது. தேர்தலுக்காகச் செலவிடுவதும் பேச்சுரிமை என்றார்கள். அந்தத் தீர்ப்பு வெட்டி எறிந்தது, தேர்தல் பணத்தைக் கட்டுப்படுத்த வந்த மெக்கெய்ன்–ஃபைங்கோல்ட் சட்டத்தின் ஒரு பகுதியை. செனட்டில் பேட்ரியட் சட்டம் 98–1 என்று நிறைவேறியபோது அந்த ‘1’ யார் தெரியுமா? அதே விஸ்கான்சின் செனட்டர் ரஸ் ஃபைங்கோல்ட். 2010 நவம்பரில் அவர் தோற்றார். வென்றவர் தன் சொந்தப் பணத்தில் பல லட்சம் டாலர் இறைத்த தொழிலதிபர் ரான் ஜான்சன். பணம்தான் வீழ்த்தியது என்று நான் சாதிக்க மாட்டேன். அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சிக்கு எதிராக அலையே அடித்தது.

உங்கள் நூறு டாலருக்கான பதிலை 2024 ஏப்ரல் 12இல் தேடுங்கள். வெளிநாட்டவரைக் கண்காணிக்கும் 702ஆம் பிரிவை நீட்டிக்கும் சட்டம் பிரதிநிதிகள் அவையில் இருந்தது. நீங்கள் யாழ்ப்பாணத்துச் சின்னம்மாவுடன் பேசுவதும் அந்த வலையில் விழலாம். விழுந்ததை எஃப்பிஐ உங்கள் பெயரைப் போட்டுத் தேடலாம். அப்படித் தேட வாரண்ட் வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தது. ஆதரவு 212, எதிர்ப்பு 212. சமமானால் திருத்தம் தோற்கும், தோற்றது. வழக்கமாக வாக்களிக்காத அவைத்தலைவர் மைக் ஜான்சனும் அன்று எதிர்த்து வாக்களித்தார். இரு கட்சியினரும் இரு பக்கமும் கலந்து நின்றார்கள். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் தீவிர வலதுசாரி ஆண்டி பிக்ஸும் ஒரே பக்கம். ஆகவே கட்சியைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். உங்கள் வேட்பாளர் ஏற்கெனவே உறுப்பினர் என்றால், அவையின் எழுத்தர் இணையப் பக்கத்தில் அன்றைய பெயர்வாரி வாக்குப் பட்டியலைப் பாருங்கள். புதியவர் என்றால், இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஓர் இடம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும் அவையில், முதல்நிலைத் தேர்தலில் தடுமாறும் ஒரு வேட்பாளருக்கு நூறு நூறாக வருவது வீண் அல்ல. ஜனாதிபதித் தேர்தல் என்றால் இதைச் சொல்ல மாட்டேன்.

வேட்பாளரே வேண்டாம், உரிமைக்காக வழக்காடும் அமைப்புக்குக் கொடுக்கலாம் என்றாலும் நல்லதே. அங்கே பொதுப் பட்டியல் கிடையாது. ஏசிஎல்யூ என்ற பெயரில் இரண்டு உண்டு என்பதை மட்டும் கவனியுங்கள். ஏசிஎல்யூ அறக்கட்டளைக்குக் கொடுத்தால் வரிக்கழிவு உண்டு. சட்டம் இயற்றப் பேசும் ஏசிஎல்யூவுக்குக் கொடுத்தால் இல்லை. வேட்பாளருக்குக் கொடுப்பதற்கும் இல்லை.

இனி குடியுரிமை. சட்டப்படி வேட்பாளருக்குக் கொடுத்த நூறு டாலர் உங்கள் விண்ணப்பத்துக்குப் பாதகம் இல்லை. எனக்குக் கவலை வேறு பணத்தைப் பற்றியது. ஊருக்கு உதவி என்று யாராவது உண்டியல் நீட்டினால் அங்கே நில்லுங்கள். சிட்டிசன்ஸ் யுனைடெட் வந்து சரியாக ஐந்தாவது மாதம், 2010 ஜூன் 21, அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொன்னது. வழக்குத் தொடுத்தவர்களில் அமெரிக்கத் தமிழ் அமைப்புகளும் உண்டு. 1997இல் தடைசெய்யப்பட்ட விடுதலைப் புலிகளுக்கு ஆயுதமில்லாத உதவி செய்யலாமா என்பதே கேள்வி: சுனாமி நிவாரணம் கேட்டு முறையிடப் பயிற்சி, சமாதான ஒப்பந்தத்துக்குச் சட்ட ஆலோசனை. கூடாது, அதுவும் பயங்கரவாதத்துக்குக் கொடுக்கும் ‘பொருள் உதவி’தான் என்று 6–3 தீர்ப்பு. ஜனவரியில் பணம் பேச்சாக இருந்தது. ஜூனில் பேச்சே குற்றத்துக்கான உதவியாகிவிட்டது. சுயமாக எழுதவும் பேசவும் தடை இல்லை, அமைப்போடு சேர்ந்து செய்தால்தான் குற்றம் என்று நீதிமன்றம் கோடு போட்டது. தண்டனை அப்போது 15 ஆண்டுவரை. அதை 20 ஆக்கியது எது என்று நினைக்கிறீர்கள்? தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாக அள்ளுவதை நிறுத்திய, ‘சுதந்திரம்’ என்று பெயர் வைத்த, 2015ஆம் ஆண்டுச் சட்டம்.

தமிழர் புனர்வாழ்வுக் கழகம் புலிகளின் முகமூடி என்று சொல்லி, அதன் அமெரிக்கச் சொத்துகளை நிதித்துறை 2007 நவம்பரில் முடக்கியது. நல்ல நோக்கத்தில் அதற்குக் கொடுத்த எத்தனையோ குடும்பங்களை எனக்குத் தெரியும். குடியுரிமைப் படிவம் பயங்கரவாத அமைப்புகளோடு எந்த வகையிலாவது தொடர்பு உண்டா என்று கேட்கிறது. ஆகவே ஊருக்குக் கொடுக்கும் முன், அமைப்பின் பெயரையும் அதன் பழைய பெயர்களையும் நிதித்துறையின் தடைப்பட்டியலில் தேடுங்கள், அமெரிக்காவில் பதிவான தொண்டு நிறுவனமா என்று பாருங்கள், ரசீது வாங்குங்கள். வேட்பாளருக்குக் கொடுப்பதைவிட இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இணையத்திலேயே கட்டிவிடலாம் என்று தோன்றினால், பொத்தானை அழுத்தும் முன் பக்கத்தின் அடியைப் பாருங்கள். ‘மாதந்தோறும்’ என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். சில நேரங்களில் அதில் முன்கூட்டியே டிக் போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிடாமல் நூறு டாலர் கட்டினால், மூன்றாம் மாதம் மொத்தம் 300 ஆகியிருக்கும்.