வாசகர் கேள்விகள்: கொலைகள் ஓய்ந்த எல் சால்வடார்

கேள்வி: மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் கொலையே நடப்பதில்லை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, நம்பலாமா? (வாசகர், மதுரை)

பதில்: பெருமளவு நம்பலாம். 2015-இல் அங்கே லட்சம் பேருக்கு நூறு கொலைகளுக்கு மேல். 2024-இல் அரசுக் கணக்குப்படி ஆண்டு முழுவதும் 114. அதாவது லட்சத்துக்கு 1.9. போலீஸ் சுட்டு இறந்தவர்களும் புதைகுழிகளில் கிடைக்கும் பழைய உடல்களும் இதில் இல்லை. சேர்த்தாலும் வீழ்ச்சி பெரியதுதான். ஆனால் எல்லாமே 2022-இல் அரசு தெருக் கும்பல்காரர்களைக் கூட்டம் கூட்டமாகக் கைது செய்ததால் வந்தது என்பது சரியல்ல. 2021-இலேயே விகிதம் 18 அளவுக்கு இறங்கியிருந்தது. கும்பல் தலைவர்களோடு அரசு ரகசியமாகப் பேரம் பேசியது என்று அமெரிக்க நிதித்துறை அந்த டிசம்பரில் குற்றம் சாட்டியது, அரசு மறுத்தது.

கேள்வி: மற்ற நாடுகளும் இதையே செய்யலாமே? (வாசகி, கோவை)

பதில்: முதலில் அந்தக் கும்பல்களின் பிழைப்பைப் பாருங்கள். எம்எஸ்-13, பாரியோ 18 இரண்டும் லாஸ் ஏஞ்சலஸில் உருவானவை. 1990-களில் அமெரிக்கா நாடு கடத்தியவர்களோடு வந்து வேர் விட்டன. வருமானம் 'ரென்டா' எனும் மாமூல். பஸ் முதலாளி முதல் தெருவோரம் சோள ரொட்டி விற்கும் பெண் வரை கட்டியாக வேண்டும். வேறு பேட்டைக்குள் நுழைந்த இளைஞனின் அடையாள அட்டையில் எதிர்க்கும்பல் ஏரியா முகவரி இருந்தாலே உயிருக்கு ஆபத்து.

மாமூல் வசூலிக்க ஆள் தெருவில் நின்றாக வேண்டும். 2022 மார்ச் 25 முதல் 27 வரை 87 பேர் கொல்லப்பட்டதும் அவசரநிலை அறிவித்து, வாரண்ட் இல்லாமல் அள்ளினார்கள். சுமார் 60 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் இதுவரை 80,000-க்கு மேல் கைது. வசூலுக்கு ஆளே இல்லாமல் கும்பல்கள் படுத்துவிட்டன. ஈக்வடாரும் 2024 ஜனவரியில் ராணுவத்தை இறக்கியது, பலன் நிலைக்கவில்லை. அங்கே பணம் குவாயாகில் போன்ற துறைமுகங்கள் வழியே போகும் கொக்கெய்னில் இருக்கிறது. தெருவில் ஒருவனைப் பிடித்தால் இன்னொருவன் வருவான். கன்டெய்னர் போய்க்கொண்டே இருக்கும்.

கேள்வி: தவறாகப் பிடிபட்டவர் வெளியே வர வழி உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உண்டு, ஆனால் பெரும்பாடு. குடும்பத்தார் வேலைச் சான்று, சம்பளச் சீட்டு, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டு ரசீதுகளைத் திரட்டி இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரிடம் கொடுக்கிறார்கள். ஆட்கொணர்வு மனுவும் போடுகிறார்கள். நீதிபதி முன் நிறுத்தாமல் வைக்கக்கூடிய 72 மணி நேரக் காவல் 15 நாளாகிவிட்டது. விசாரணைக் கைதிக்கு இருந்த இரண்டாண்டு உச்சவரம்பும் போய்விட்டது. முதல் விசாரணையே நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே வேளையில் நடக்கிறது. மனுவைக் கேட்க வேண்டிய அரசியல் சாசன அமர்வின் ஐந்து நீதிபதிகளை 2021 மே மாதமே சட்டமன்றம் நீக்கி, தனக்கு வேண்டியவர்களை உட்கார வைத்தது. 8,000 அப்பாவிகளை விடுவித்ததாக அதிபர் புக்கேலேயே 2024 நவம்பரில் சொன்னார். இதைச் சில்லறைப் பிழை என்று தள்ள முடியாது.

கேள்வி: ஒவ்வொருவராக விசாரித்தால் காலம் போதுமா? (வாசகி, நெல்லை)

பதில்: போதும், ஒரே வழக்காக இருந்தாலும் ஒவ்வொருவர் மீதும் தனிச் சாட்சியம் இருந்தால். இத்தாலியின் பலெர்மோ நகரில் 1986 பிப்ரவரி முதல் 1987 டிசம்பர் வரை சுமார் 475 மாஃபியாக்காரர்கள் ஒரே வழக்கில் விசாரிக்கப்பட்டார்கள். முன்னாள் மாஃபியாக்காரர் தந்த வாக்குமூலத்தை வங்கிக் கணக்குகளோடு ஒத்துப்பார்த்தே புலனாய்வு நீதிபதி ஃபால்கோனேயின் குழு வழக்கைக் கட்டியிருந்தது. 114 பேர் விடுதலையானார்கள், முன்னூற்றுக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்திலும் அந்தத் தீர்ப்பு நின்றது.

எல் சால்வடாரிலோ 2023 சட்டத்திருத்தப்படி 900 பேரை ஒன்றாக நிறுத்தலாம். யார், எங்கே, எப்போது, என்ன செய்தார் என்ற சாட்சியத்தோடு ஆளுக்கொரு கோப்பு வேண்டும். கோப்பு இல்லாதவர்களை முதலில் ஜாமீனில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.