300 வார்த்தைக்குள்ள உங்க வார்டு

போன இதழ்ல மருத்துவ மாநாட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட் (செஞ்ச வேலையோட சுருக்கம்) அனுப்புறது பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நெனைக்கல. அதனால இந்த தடவை டயட், தூக்கம் எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு இது மட்டும்தான். சில வருஷமா நானும் ரிவ்யூவரா உக்காந்து மத்தவங்க அனுப்புறதுக்கு மார்க் போட்டுட்டு இருக்கேன், அந்த தைரியத்துல சொல்றேன்.

கேள்வி: அக்கா, நான் மெடிக்கல் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். வயசான பேஷன்ட்ஸ் கட்டில்ல இருந்து எறங்குறப்ப விழுறது எங்க வார்டுல ஜாஸ்தியா இருந்துச்சு. அதைக் குறைக்க நாங்களே ஒரு சின்ன வேலை செஞ்சோம். முன்னாடி 3 மாசத்துல 11 தடவை, அதுக்கப்புறம் 3 மாசத்துல 4 தடவைதான். மேட்ரன் மேடம் இதை கான்ஃபரன்ஸுக்கு அனுப்புன்னு சொல்லிட்டாங்க. நான் எழுதின முதல் வரி: "நோயாளிகள் கீழே விழுவது உலகெங்கும் மருத்துவமனைகளில் ஒரு பெரும் பிரச்சனையாகும்." அதுக்கு மேல பேனா ஓடல. இதெல்லாம் டாக்டருங்களும் பிஎச்டி பண்றவங்களும் செய்யற வேலை இல்லையா?

பதில்: மொதல்ல அந்த வரியை அடிச்சுடுங்க தங்கச்சி. தப்பான வரி இல்ல, ஆனா அதைப் படிக்கப் போற ஆளும் வார்டுல வேலை பாத்த ஆள்தான், அவருக்கு இது தெரியும். ரிவ்யூவர் யாருன்னு நெனைக்கிறீங்க? டூட்டி முடிச்சு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பைத் தொறந்து, இன்னும் முப்பது நாப்பது பாக்கி இருக்கேன்னு பெருமூச்சு விடுற ஆளு. சம்பளமெல்லாம் கெடையாது. "உலகெங்கும்"னு ஆரம்பிக்கிற அஞ்சாவது அப்ஸ்ட்ராக்டைப் பாத்தா அவர் கண்ணு தன்னால கீழ எறங்கிடும்.

அவருக்கு வேண்டியது உங்க வார்டு. எத்தனை கட்டில், யார் விழுந்தாங்க, எப்ப விழுந்தாங்க. ராத்திரி பாத்ரூம் போக தனியா எழுந்திரிச்சு விழுந்தாங்களா? பெல் கைக்கு எட்டலையா? அதைக் கண்டுபிடிச்சு என்ன மாத்தினீங்க, மணிக்கொரு தடவை போய் பாத்ரூம் போகணுமான்னு கேட்டீங்களா, கட்டில் உயரத்தைக் குறைச்சீங்களா, அதை யார் செஞ்சாங்க, எல்லா ஷிஃப்ட்லயும் நடந்துச்சா இல்ல நைட் ஷிஃப்ட்ல விட்டுப்போச்சா (விட்டுப்போயிருந்தா அதையும் எழுதுங்க, ரிவ்யூவருக்கு அதுதான் நம்பிக்கை தரும்).

இப்ப உங்க நம்பருக்கு வருவோம், இங்கதான் நெறைய பேர் சறுக்குவாங்க. 11, 4ன்னு மட்டும் போட்டா மார்க் போடுறவர் கேக்குற முதல் கேள்வி, "ரெண்டாவது மூணு மாசத்துல வார்டே காலியா இருந்திருந்தா?" அதனால விழுந்த எண்ணிக்கையை பேஷன்ட் நாள் கணக்குல சொல்லணும். தினமும் ராத்திரி சென்சஸ் (வார்டுல எத்தனை பேஷன்ட்னு தலைக்கணக்கு) எடுப்பீங்கல்ல, அதைக் கூட்டிக்கிட்டே வந்தா அதுதான் பேஷன்ட் நாள். ஒரு பேச்சுக்கு முன்னாடி 2200, பின்னாடி 2000ன்னு வைங்க. 11ஐ 2200ஆல வகுத்து 1000த்தால பெருக்கினா 5. நாலுக்கு அதையே செஞ்சா 2. ஆக 1000 பேஷன்ட் நாளுக்கு 5 இருந்தது 2 ஆச்சு. விழுறதைப் பத்தி பேசுறவங்க எங்க போனாலும் இந்தக் கணக்குலதான் பேசுவாங்க, நீங்களும் அந்த பாஷைல பேசிட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஆனா "எங்க முயற்சியாலதான் குறைஞ்சுச்சு"ன்னு அடிச்சு சொல்லாதீங்க, ஆறு மாசம், ஒரே வார்டு, கம்பேர் பண்ண வேற வார்டும் இல்ல. "குறைந்தது, தொடர்ந்து கவனிக்கிறோம்" போதும். மாசாமாசம் எத்தனைன்னு ஒரு ரன் சார்ட் (ஏறுது எறங்குதுன்னு காட்டுற கோட்டுப் படம்) போட்டு வச்சுக்குங்க, பின்னாடி போஸ்டருக்கு (ரிசல்ட்டைப் பெரிய தாள்ல அச்சடிச்சு மாநாட்டுல மாட்டுறது) ஆகும்.

எழுதுற வரிசை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: பின்னணி, செஞ்ச முறை, ரிசல்ட், முடிவு. பொதுவா 250 இல்ல 300 வார்த்தைக்குள்ள கேப்பாங்க, சில இடத்துல எழுத்தை எண்ணுவாங்க, அப்ப இடைவெளியும் கணக்குல வரலாம், பாத்துக்குங்க. முக்காவாசிப் பேர் பின்னணிக்கே 120 வார்த்தை குடுத்துட்டு ரிசல்ட்டுக்கு ஒரு வரில முடிச்சுடுறாங்க. தலைகீழா பண்ணுங்க, பின்னணி மூணு வரி, மிச்சமெல்லாம் செஞ்சதுக்கும் ரிசல்ட்டுக்கும். உங்களுது மாதிரி தரத்தை மேம்படுத்துற வேலைகளை எப்படி எழுதணும்னே ஸ்குவயர் (SQUIRE)னு ஒரு வழிகாட்டி இருக்கு, 2008ல வந்துச்சு, 2015ல புதுசாக்கினாங்க, இலவசமா கெடைக்கும். ஒரு தடவை படிச்சுட்டு எழுதுங்க.

எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வுக்கு அனுமதி குடுக்கற குழு) கிட்ட மறக்காம கேளுங்க. வார்டு தர வேலைக்கு முழு அனுமதி வேணாம்னு அவங்க சொல்லலாம், ஆனா வேணாம்னு சொல்ற ஆளு அவங்களா இருக்கணும், நாம முடிவு பண்ணக்கூடாது. அந்த பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்குங்க.

பிஎச்டி பண்றவங்க வேலையான்னு கேட்டீங்களே, பிஎச்டிக்காரங்க உங்க வார்டுல நைட் டூட்டி பாக்கலயே.

கேள்வி: மேடம், நான் பிசியோதெரபிஸ்ட். லாஸ்ட் டேட் அடுத்த வாரம், டேட்டா இன்னும் முழுசா சேரல. "முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்"னு போட்டு அனுப்பலாமா?

பதில்: வேணாம். நான் மார்க் போடுறப்ப அந்த வரியைப் பாத்தாலே ரிசல்ட் பகுதிக்கு பூஜ்யம்தான், பல பேர் அப்படித்தான் செய்வாங்க. இதுவரை எத்தனை பேரைப் பாத்திருக்கீங்களோ அதை மட்டும் எழுதி "இடைக்கால முடிவு"ன்னு தெளிவா போடுங்க. சில மாநாட்டுல நடந்துட்டு இருக்கற ஆய்வுக்குன்னே தனிப் பிரிவு இருக்கும், அறிவிப்பை கடைசி வரி வரைக்கும் படிங்க. ரெண்டும் இல்லன்னா அடுத்த வருஷம் அனுப்புங்க, ஒண்ணும் குடிமுழுகிடாது. அப்புறம் லாஸ்ட் டேட்ல ராத்திரி 12 மணின்னு போட்டிருந்தா அது எந்த ஊரு 12 மணின்னும் பாருங்க, நான் ஒரு தடவை அதுல கோட்டை விட்டிருக்கேன்.

கேள்வி: வேலை முழுக்க நானும் என் ஃப்ரெண்டும் செஞ்சது. டிபார்ட்மென்ட் ஹெட் பேரை முதல்ல போடணும்னு சீனியர் சொல்றாரு. அவர் எங்க டேட்டாவைக் கண்ணால கூட பாக்கல. மறுத்தா வேலைக்கு ஏதும் பிரச்சனை வருமோன்னு பயமா இருக்கு.

பதில்: பயம் நியாயம்தான், வீரமா இருன்னு தூரத்துல உக்காந்து சொல்றது ஈஸி. ஆனா மருத்துவ இதழ் ஆசிரியர்களோட சர்வதேசக் குழு வச்சிருக்கற விதி தெளிவா இருக்கு. வேலைல கணிசமான பங்கு, எழுதுறதுல இல்ல திருத்துறதுல பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், நாளைக்கு கேள்வி வந்தா பொறுப்பேத்துக்கறது, இந்த நாலும் இருக்கணும். மூணு இருந்தா கூட பத்தாது. அந்த நாலாவது 2013ல சேத்தது, அதைத்தான் நீங்க கைல எடுக்கணும். சண்டைக்குப் போகாம, "சார், டிராஃப்ட் அனுப்பியிருக்கேன், படிச்சு திருத்திக் குடுங்க, ஆத்தர்னு பேர் இருக்கறவங்க எல்லாரும் டேட்டாவுக்கு பொறுப்புன்னு டிக் பண்ணணும்"னு மெயில் போடுங்க. ஒண்ணு அவர் உண்மையாவே படிச்சுத் திருத்துவார், அப்ப கடைசி பேரா போடுறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. இல்லன்னா "நன்றின்னு ஒரு வரி போட்டா போதும்பா"ம்பார். நான் பாத்த வரைக்கும் ரெண்டாவதுதான் அதிகம். அப்படியும் முதல் பேர்தான் வேணும்னு நின்னா உங்க காலேஜ்லயோ ஆஸ்பத்திரிலயோ ரிசர்ச் கமிட்டில நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட பேசுங்க, தனியா மோதாதீங்க.

கேள்வி: ஓரல் (மேடைல பேசுறது) கேட்டு அனுப்பினேன், போஸ்டர்தான் குடுத்தாங்க. அவமானமா இருக்கு, வாபஸ் வாங்கிடவா?

பதில்: அட போங்க தம்பி. ஓரல்ல பத்து நிமிஷம் பேசுவீங்க, ரெண்டு பேர் கேள்வி கேப்பாங்க, அதுலயும் ஒருத்தர் தன் பெருமை பேசுவார். போஸ்டர் பக்கத்துல ஒரு மணி நேரம் நின்னா நெஜமா ஆர்வம் இருக்கறவன் மட்டும் வந்து நிப்பான், நம்பர் வாங்கிட்டுப் போவான். முக்கியமான ரிசல்ட்டை நடுவுல பெருசா ஒரே வாக்கியமா போடுங்க, பத்தடி தூரத்துல இருந்து படிக்கணும். ஏ0 சைஸ்னா 84.1 க்கு 118.9 சென்டிமீட்டர், நெட்டுக்குத்தா படுக்கையான்னு கேட்டுட்டு பிரின்ட் போடுங்க. துணில பிரின்ட் போட்டா மடிச்சு பையில வச்சுக்கலாம். அதுக்கப்புறம் முழுக் கட்டுரையா எழுதிடணும், தள்ளிப் போடாதீங்க. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற காக்ரேன் அமைப்பு 2018ல ஒரு ரிவ்யூ வெளியிட்டாங்க, 3 லட்சத்துக்கும் மேல மாநாட்டு அப்ஸ்ட்ராக்டுகளை எடுத்துப் பாத்ததுல 37 சதவீதம் சொச்சம்தான் முழுக் கட்டுரையா வெளிவந்திருக்கு. மிச்சமெல்லாம் போஸ்டரோடயே சுருண்டு போச்சு.

கேள்வி: "மாண்புமிகு டாக்டர் அவர்களே, தங்கள் ஆய்வைக் கண்டு வியந்தோம், சிறப்புரை ஆற்ற வாருங்கள்"னு ஒரு வெளிநாட்டு மாநாட்டுல இருந்து மெயில் வந்திருக்கு. நான் டாக்டரே இல்ல, லேப் டெக்னீஷியன்.

பதில்: உங்க கேள்வியோட கடைசி வரியே பதில். பணம் கேப்பாங்க, அனுப்பாதீங்க. இருதயம், பல், விவசாயம் எல்லாத்துக்கும் ஒரே மண்டபத்துல மாநாடுன்னு போட்டிருப்பாங்க பாருங்க. அனுப்பின மறுநாளே "ஏற்கப்பட்டது"ன்னு பதில் வந்தாலும் சந்தேகப்படுங்க, ஒழுங்கா ரிவ்யூ பண்ற இடத்துல வாரக்கணக்கா காக்க வைப்பாங்க. ஏன்னா எங்க ஆளுங்க இன்னும் அந்த முப்பது நாப்பதை முடிச்சிருக்க மாட்டாங்க.