"அவர் வந்துட்டாரா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: தேனிப் பக்கம் எங்கள் ஊர். ஆறு வருடமாக வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். ஐந்து மாதமாகக் கோவையில் ஒரு வீடு. 81 வயது அம்மா, ரிடையர்டு டீச்சர். மறதி நோய், சுகரும் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் "அவர் வந்துட்டாரா? உலை வைக்கணும்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. "அம்மாகிட்ட பொய் சொல்லாதே, உண்மையைச் சொல்லு" என்கிறார் மகள். சொன்னால், இப்போதுதான் சேதி வந்த மாதிரி அழுகிறார். கேமராவில் அதைப் பார்த்துவிட்டு "ஏன் அழ வைக்கிறே?" என்று பேங்க்கிலிருந்து போன் செய்கிறார் மகள். குளிக்க வைக்கும்போது அம்மா கத்துகிறார், அடிக்கிறார். ஏஜென்சியில் கேட்டால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிறார்கள். சேரும்போது இரண்டு நாள் ட்ரெய்னிங் கொடுத்தார்கள். பேச்சில் 93 சதவீதம் உடல்மொழிதான், சிரித்த முகமாக இருந்தால் போதும் என்றார்கள். சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குப் பேசத் தெரியவில்லையா?
பெயர் வேண்டாம், கோவை.

அன்புள்ள தங்கைக்கு,

அரைப் பக்கத்தில் ஒரு வீட்டையே கண்முன் நிறுத்திவிட்டு, பேசத் தெரியவில்லையா என்று கேட்கிறீர்கள். தெரிகிறது. நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது வேறு இடத்தில்.

முதலில் அந்த 93 சதவீதக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். ட்ரெய்னிங் வகுப்புகளில் அதைச் சொல்லாத ஆள் இல்லை. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் செய்த சோதனைகளிலிருந்து பிடுங்கிய எண் அது. ஒற்றைச் சொல்லை வெவ்வேறு குரலில் சொல்லச் செய்து, முகப்படத்தையும் காட்டி, சொல்கிறவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்று கேட்பவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று பார்த்தார். அவ்வளவுதான். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். வார்த்தைக்கு ஏழு சதவீத மதிப்புதான் என்றால், "அவர் இறந்துட்டாரும்மா" என்று நீங்கள் சிரித்த முகத்தோடு சொன்னதும் அந்த அம்மா ஏன் அழுகிறார்?

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம்.

நாற்பது வருடம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, விளக்கேற்றி, உலை வைத்தவர் அவர். வெயில் சாயும்போது கையும் காலும் தானாகப் பரபரக்கும். மறதி நோய் உள்ள பலருக்கும் அந்தி நேரத்தில் தவிப்பு கூடும். நாளெல்லாம் விழித்திருந்த அசதி, மங்கும் வெளிச்சம், சுவரில் நீளும் நிழல் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். கரண்ட் பில்லைப் பற்றி மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

"அவர் வந்துட்டாரா?" என்பது தகவல் கேட்கும் கேள்வி போலத்தான் காதில் விழும். அதனால்தான் தகவலைப் பதிலாகச் சொல்லிவிடுகிறோம். அவர் கேட்பது வேறு. நேரமாகிவிட்டதே, என் வேலை கிடக்கிறதே, என் ஆளைக் காணோமே என்கிறார். நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அதற்கு.

"உண்மையைச் சொல்லு" என்பது மகளாகக் கண்டுபிடித்ததில்லை. ஒரு காலத்தில் அமெரிக்க முதியோர் இல்லங்களில் அதுவே முறை. பலகையில் கிழமையும் தேதியும் எழுதிப் போட்டு, தப்பாகச் சொல்கிறவர்களை ஒவ்வொரு முறையும் திருத்துவார்கள். நவோமி ஃபெய்ல் என்ற பெண்மணியும் அப்படித்தான் தொடங்கினார். ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் தன் பெற்றோர் வேலை பார்த்த முதியோர் இல்லத்திலேயே வளர்ந்தவர். திருத்தத் திருத்த அந்த முதியவர்கள் ஒன்று சண்டைக்கு வந்தார்கள், இல்லை வாயை மூடிக்கொண்டார்கள். அதைப் பார்த்துவிட்டு 1963 முதல் 1980 வரை தானே ஒரு முறையை உருவாக்கினார். திருத்தவும் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது, பேச்சுக்கு அடியில் இருக்கும் உணர்ச்சிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

நம் வீட்டுக்கு அது எப்படி வரும்? "சாரைத் தேடுறீங்களாம்மா?" என்று பக்கத்தில் உட்காருங்கள். இதில் பொய் இல்லை, தேடத்தான் செய்கிறார். "அவருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும்?" என்று கேளுங்கள். சொல்வார். நேற்றும் இதையேதான் சொன்னார் என்று முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள். பிறகு ஒரு முறத்தில் அவரைக்காயைப் போட்டு மடியில் வையுங்கள், நார் உரிக்கட்டும். பாதி உரிபடாது. உள்ளே போய் நீங்கள் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம். உலை வைக்க நேரமாச்சு என்றவருக்குக் கையில் வேலை வந்துவிட்டது.

"ஆறு மணிக்கு வந்துடுவார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆறு மணி வரை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது யார்? இன்னொன்றும் உண்டு. என்றாவது ஒருநாள் உங்கள் கண்ணைப் பார்த்து "அவர் போயிட்டாரா?" என்று கேட்பார். அன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்று "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அழட்டும். அந்த அழுகைக்குக் கேமராவில் பார்த்துப் போன் வந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது குளியலறை. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகு என் அம்மாவை மூன்று வருடம் நான்தான் குளிப்பாட்டினேன், முதல் இரண்டு மாதம் அடி வாங்கிக்கொண்டு. ஒருநாள் பெரியம்மா ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, அவளுக்குப் பாவாடை எங்கே?" என்றார். எனக்கு உறைத்தது அப்போதுதான். பாவாடையை மாரோடு ஏற்றிக் கட்டாமல் அந்தத் தலைமுறைப் பெண் தனியாகக்கூடக் குளித்ததில்லை. நான் பாட்டுக்கு எல்லாவற்றையும் கழற்றி, ஸ்டூலில் உட்கார வைத்து, தலையில் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். கத்தாமல் என்ன செய்வார்? மறுநாள் பாவாடையைக் கட்டி உட்கார வைத்தேன். அடிக்கவில்லை.

உங்கள் டீச்சரம்மாவுக்கும் செய்து பாருங்கள். தலையில் தொடங்காதீர்கள், கால் விரலில் தொடங்குங்கள். வெந்நீரை முதலில் உங்கள் கையில் ஊற்றிக் காட்டி, பிறகு அவர் கையில். ஒரு சொம்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொல்லுங்கள்: "கால்ல தண்ணி ஊத்தறேம்மா." சொல்லிவிட்டு அஞ்சு எண்ணுகிற நேரம் பொறுங்கள். நோய் முற்ற முற்றக் கேட்டது மண்டைக்குள் இறங்க நேரமாகும். நாம் பொறுக்காமல் அடுத்ததைச் சொல்வோம், அவருக்கு இரண்டும் குழம்பும். பின்னாலிருந்து தொடாதீர்கள். காது கேட்கவில்லை என்று கீச்சுக் குரலில் கத்தாதீர்கள். வயதான காது முதலில் இழப்பது கீச்சொலியைத்தான், தாழ்ந்த குரலே தெளிவாகக் கேட்கும். காதில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் "அம்மாவுக்கு முத்திடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பது பாதி குரும்பிதான்.

நீங்கள் அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. "செல்லம், தங்கம், சமத்தா சாப்டுவீங்களாம்" என்று கொஞ்சுகிற வழக்கம் இந்த வேலையில் நிறைய உண்டு. அன்பில் வருவதுதான். ஆனால் அமெரிக்காவின் கான்சஸில் மறதி நோயுள்ள 20 பேரைப் பராமரிப்பு நேரத்தில் வீடியோ எடுத்துப் பார்த்து, 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குழந்தையிடம் பேசுவதுபோல் பேசியபோது, சாதாரணமாகப் பேசியதைவிட அவர்கள் அதிகமாக முரண்டு பிடித்தார்கள். ஊரே "டீச்சர்" என்று எழுந்து நின்ற ஒருவரைச் "சமத்துக்குட்டி" என்றால் அவர் கையை ஓங்குவதில் நியாயம் இருக்கிறது. "டீச்சரம்மா, எழுந்திரிக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முன்னாலேயே டயப்பர் விஷயத்தை மகளிடம் ஒப்பிக்கவும் வேண்டாம். ஒரு மருத்துவமனையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், படுத்திருந்த என் அம்மாவுக்கு மேலாக என்னைப் பார்த்து "மோஷன் போனாங்களா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். அம்மா அரைகுறையாகத் திரும்பிய பேச்சில் என்னிடம் கேட்டார்: "எனக்கு வாய் இல்லையா?"

இனி மகள். உங்களுக்குக் கோபம் அவர்மேல்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. கொஞ்சம் அவர் பக்கமும் யோசிப்போம். ஒன்பது வருடத்துக்கு முன் அப்பாவைப் பறிகொடுத்தவர் அவர். அம்மாவும் மகளும் சேர்ந்து அழுத அழுகையில் இப்போது அம்மாவைக் காணோம். அப்பா செத்தது தன் ஒருத்திக்கு மட்டுமே தெரியும் என்கிற நிலை. "உண்மையைச் சொல்லு" என்று அவர் சொல்வது டீச்சரம்மாவுக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மா கேட்பதும் கேள்வி இல்லை, மகள் போடுவதும் கட்டளை இல்லை.

அதற்காகப் போனில் திட்டு வாங்கும் நேரத்தில் இதையெல்லாம் விளக்காதீர்கள். "சரிங்க மேடம், சாயங்காலம் நேர்ல சொல்றேன்" என்று முடித்துவிடுங்கள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகு பத்து நிமிடம் கேளுங்கள். நேராக நடந்ததைச் சொல்லுங்கள்: "இறந்துட்டார்னு சொன்னா அம்மா ஒவ்வொரு தடவையும் புதுசா அழறாங்க மேடம். சாரைப் பத்திக் கேட்டா கதை சொல்றாங்க. ஒரு வாரம் இப்படிச் செஞ்சு பார்க்கட்டுமா? நீங்களும் பக்கத்துல உட்காருங்க." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவருக்கும் அப்பா கதை தேவைப்படும்.

உடம்பு விஷயத்தைச் சொல்வதற்கு வேறு ஒழுங்கு வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகிய ஒரு முறையை 2000க்குப் பிறகு மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டன. இப்போது என்ன, இதற்கு முன் என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்ற நான்கையும் இந்த வரிசையில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் இப்படி வரும்: "மேடம், ரெண்டு நாளா அம்மா இடது தோளைத் தொட்டா கத்துறாங்க. போன வாரம் அப்படி இல்லை. விழலை, வீக்கமும் இல்லை. கையைத் தூக்கினா வலிக்குதுன்னு நினைக்கிறேன். நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டலாமா?" சும்மா உதாரணத்துக்குத் தோளைச் சொல்லவில்லை. சுகர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது சகஜம். ஜாக்கெட்டைக் கழற்றக் கையைத் தூக்கும்போதுதான் அடிக்கிறாரா என்று கவனியுங்கள். இன்னொன்று, ஓரிரு நாளுக்குள் திடீரென்று குழப்பம் கூடினால் மறதி நோய்மேல் பழி போட்டுக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மருந்து மாறியது, சுகர் இறங்கியது என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

மகளுக்கும் பேச ஆள் வேண்டும். முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண் இருக்கிறது, அதைக் கொடுங்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அத்தனை வீட்டிலும் யாரோ ஒருவர் சாயங்காலம் இப்படி ஒரு கேள்விக்கு முழித்துக்கொண்டிருக்கிறார். அவர்களிடம் போகிறவர்களுக்கு இரண்டு நாள் ட்ரெய்னிங், அதிலும் தப்புக் கணக்கு. எரிச்சலாக இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. வீட்டோடு தங்கி வேலை என்றால் ராத்திரியும் நீங்கள்தான் எழுந்திருப்பீர்கள். தூக்கமில்லாதவருக்கு எந்தப் பேச்சுக் கலையும் வராது, எனக்கும் வந்ததில்லை. அம்மாவைக் கடிந்துகொண்டுவிட்டு நான் அழுத நாளெல்லாம் முந்தின ராத்திரி தூங்காத நாள்தான். அதே பத்து நிமிடத்தில் இதையும் கேளுங்கள்: "வாரத்துல ஒரு நாள் எனக்கு லீவு வேணும் மேடம், ஞாயித்துக்கிழமைன்னா சௌகரியம்." தயங்கி, மன்னிப்புக் கேட்டு, ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று காரணம் கட்டிச் சொல்லாதீர்கள். அடிப்பது நோய்தான், ஆனால் வலிப்பது உங்களுக்கு. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிற ஏஜென்சிக்கு, அடி பட்ட தேதியையும் நேரத்தையும் குறித்து மெசேஜாக அனுப்பி வையுங்கள். வாயால் சொன்னது நாளைக்கு இல்லை என்றாகிவிடும்.

பி.கு.: பாவாடை நாடாவை இறுக்கி முடிச்சுப் போடாதீர்கள். நனைந்தால் அவிழாது, குளிரில் நடுங்கிக்கொண்டு அவர் உங்களைத்தான் திட்டுவார். சுருக்கு முடிச்சாகப் போடுங்கள், ஒரு நுனியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.