படித்துக் காட்டாமல் போன புத்தகம்

கேள்வி: ‘டேர்டெவில்’ தொடரின் இரண்டாம் சீசனை என் 17 வயது மகனோடு சேர்ந்து பார்த்தேன். பனிஷர் சண்டையிடும் காட்சிகளை எல்லாம் அவன் கைதட்டி ரசித்தான். நானோ, கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து பனிஷர் தன் மகளைப் பற்றிப் பேசும் இடத்தில் தாங்க முடியாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன். இத்தனை பேரைக் கொன்ற ஒருவனுக்காக எனக்கு ஏன் அழுகை வந்தது?

பதில்: நீங்கள் ஒரு தகப்பனுக்காக அழுதிருக்கிறீர்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2016இல் வெளிவந்த அந்த சீசனின் நான்காம் பகுதியில் வருகிற காட்சி அது. உடம்பெல்லாம் காயங்களோடு உட்கார்ந்திருக்கும் ஃபிராங்க் காசில் (பனிஷரின் இயற்பெயர் இதுதான்), போரிலிருந்து வீடு திரும்பிய நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறான். மகள் படிக்கும் பள்ளிக்கே நேராகப் போய் அவளைப் பார்த்ததையும், அன்றிரவு அவள் தனக்குப் பிடித்த புத்தகத்தைப் படித்துக் காட்டச் சொன்னதையும், களைப்பு மிகுதியால் தான் ‘நாளைக்குப் படிக்கலாம்’ என்று சொல்லிவிட்டதையும் அவன் ஒவ்வொன்றாக நினைவுகூர்கிறான். மறுநாள் அவளை அவன் பிணமாகத்தான் மடியில் ஏந்தினான்.

துப்பாக்கிச் சூட்டில் பிள்ளையைப் பறிகொடுப்பது நம்மில் பெரும்பாலோர் அறியாத கொடுமை. ஆனால் ஓய்ந்துபோன ஓர் இரவில் ‘நாளைக்கு’ என்று சொல்லாத தகப்பன் எவரும் இருக்க முடியாது. அந்த ஒரு சொல்தான் உங்களை அடுத்த அறைக்கு அனுப்பியது என்று நினைக்கிறேன். நடிகர் ஜான் பெர்ன்தால் அந்தப் பேச்சைக் கோபமாகப் பேசாமல், சொல்லச் சொல்ல மூச்சுத் திணறுகிறவரைப் போலப் பேசியிருப்பது காட்சியின் வலியை இன்னும் கூட்டுகிறது.

இந்தப் பாத்திரத்துக்கு முதலில் வந்தது துப்பாக்கிதான் என்பதையும், துயரம் அதற்குப் பிறகே எழுதிச் சேர்க்கப்பட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜெர்ரி கான்வே எழுதி, 1974 பிப்ரவரி என்று தேதியிட்டு வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ காமிக்ஸின் 129ஆம் இதழில், ஸ்பைடர்மேனைச் சுட்டுக் கொல்ல வருகிற எதிரியாகத்தான் பனிஷர் அறிமுகமானான். மார்பில் பெரிய மண்டையோட்டுச் சின்னம் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வீடு இருந்ததா என்பது வாசகர்களுக்குத் தெரியாது. 1975இல் ‘மார்வெல் பிரிவியூ’ இரண்டாம் இதழில்தான் அந்த வீடு நமக்குக் காட்டப்பட்டது. வியட்நாமில் போரிட்ட அமெரிக்க மரைன் வீரன், மனைவி மரியாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பொழுதைக் கழிக்கப் போகிறான். அங்கே ஒரு ரௌடிக் கும்பல் செய்யும் கொலையை அவர்கள் தற்செயலாகப் பார்த்துவிட, சாட்சி இருக்கக் கூடாதென்று கும்பல் அவர்கள் எல்லோரையும் சுடுகிறது. அவன் ஒருவன் மட்டும் பிழைக்கிறான். போர்க்களத்தில் சாவைத் தாண்டி வந்தவன், புல்தரையில் தன் குடும்பத்தைக் காக்க முடியாமல் போகிறான்.

கேள்வி: பேட்மேனும் ஸ்பைடர்மேனும் கூடத் தங்கள் உறவுகளைக் கொலையில் இழந்தவர்கள்தான். அவர்கள் கொல்வதில்லை என்று உறுதியாக இருக்க, பனிஷர் மட்டும் ஏன் இப்படி ஆனான்? (இன்னொரு வாசகர்)

பதில்: பேட்மேன் பெற்றோரை இழக்கும்போது சிறுவன், ஸ்பைடர்மேன் பெரியப்பாவை இழக்கும்போது பள்ளி மாணவன். இழப்புக்குப் பிறகு வளர்வதற்கு அவர்களுக்கு ஆயுள் மிச்சம் இருந்தது, வளர்த்தெடுக்க ஆல்ஃப்ரெடும் மே பெரியம்மாவும் இருந்தார்கள். காசிலுக்கு அப்படி யாருமில்லை. அவன்தான் மற்றவர்களைக் காக்க வேண்டியவனாக இருந்தான். புத்திர சோகம் என்று நாம் சொல்லும் துயரத்தில், இழந்த பிள்ளையோடு ‘நான் எதற்கு இருந்தேன்’ என்ற கேள்வியும் சேர்ந்து வருகிறது.

அபிமன்யு மாண்ட அன்று அர்ச்சுனன் செய்த சபதத்தை எண்ணிப் பாருங்கள். மறுநாள் சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன், இல்லையென்றால் தீயில் இறங்குவேன் என்றான். அந்தக் கோபத்துக்கு ஓர் ஆள் இருந்தான், ஒரு பொழுதும் இருந்தது. காசிலின் பிள்ளைகளை யாரும் குறிவைத்துக் கொல்லவில்லை. அவர்கள் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். ஆகவே எவனைக் கொன்றாலும் அவன் கணக்கு தீர்வதில்லை, அவனுக்குச் சூரியனும் மறைவதில்லை. 2017இல் தொடங்கிய தனித் தொடர் அந்தக் கொலைகளைத் திட்டமிட்ட சதியாக மாற்றியது. காமிக்ஸில் உள்ள தற்செயல்தான் அதைவிடக் கொடியது என்பது என் கருத்து.

2004இல் வந்த திரைப்படம் வேறொரு வகையில் முக்கியமானது. அதில் காசிலின் குடும்பத்தை அழிக்கச் சொல்லும் ஹோவர்ட் செயின்டும் மகனை இழந்த தகப்பன்தான். காசில் ரகசியமாகப் பங்கேற்ற ஒரு காவல் நடவடிக்கையில் அந்த மகன் இறந்திருப்பான். ஒரு தகப்பனின் துக்கமே இன்னொரு தகப்பனின் வீட்டைக் கொளுத்துகிறது. கார்த் என்னிஸ் 2003இல் எழுதிய ‘பார்ன்’ என்ற காமிக்ஸோ, வியட்நாமிலேயே காசிலுக்குள் போர்வெறி குடியேறிவிட்டது என்றும், அதற்கு அவன் கொடுத்த விலைதான் குடும்பம் என்றும் உணர்த்துகிறது. அவனுடைய கண்ணீரையே சந்தேகிக்கச் சொல்லும் இந்தப் பார்வை எனக்கு உவப்பாக இல்லை. ஆனாலும் படித்த பிறகு அதை மனதிலிருந்து தள்ளிவிடவும் முடியவில்லை.

முதல் கேள்வியை எழுதியவர், தம் மகன் அந்த மண்டையோடு பொறித்த சட்டை வேண்டும் என்று கேட்பதாகவும், வாங்கித் தரலாமா என்றும் கடிதத்தின் முடிவில் கேட்டிருக்கிறார்.

பதில்: அமெரிக்காவில் காவலர்களும் ராணுவத்தினரும் அந்தச் சின்னத்தை அணிந்தபோது, பாத்திரத்தைப் படைத்த ஜெர்ரி கான்வேயே அதை வெளிப்படையாக எதிர்த்தார், நீதி அமைப்பு தோற்றுப்போனதன் அடையாளமாகத் தாம் எழுதிய ஒருவனை, நீதியைக் காக்க வேண்டியவர்களே முன்மாதிரியாகக் கொள்வது தகாது என்பது அவருடைய வாதம். 2019இல் வந்த ஒரு காமிக்ஸில், தன்னைப் புகழும் காவலர்களின் வண்டியில் ஒட்டியிருந்த அந்தச் சின்னத்தைக் காசிலே கிழித்துப் போடுகிறான். இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். பிறகு சட்டையை அவனே தீர்மானிக்கட்டும். அதற்கு முன்பு அந்தக் கல்லறைக் காட்சியை அவனோடு இன்னொரு முறை பாருங்கள். இந்த முறை கண் கலங்கினாலும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.