ராமநாதபுரம் கடற்கரையில் பறவை, நிலக்காட்சி, கடலடிப் படங்கள் எடுக்க எந்த மாதம் வரலாம்? என்ன கேமரா வேண்டும்?

மாதத்தை விடக் காற்றுதான் இங்கே முக்கியம். நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் ஊர்க்காரன். வெளியூரிலிருந்து படமெடுக்க வரும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடா எங்களுக்கு வடகடல், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடா தென்கடல். தனுஷ்கோடியில் இவற்றைப் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும். அப்போது தென்கடல் கலங்கிவிடும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் நேர்மாறு. படகுக்காரரிடம் கேட்டால், "அண்ணே, தென்கடல் கலங்கிக் கெடக்கு, வடக்க போங்க" என்று அவரே சொல்லிவிடுவார். முன்பதிவு செய்த இடம்தான் வேண்டும் என்று அவரிடம் பிடிவாதம் பிடிக்காதீர்கள். இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல்தான் தண்ணீருக்குள் படமெடுக்க எனக்குப் பிடித்த காலம்.

பறவைக்கும் காற்றுதான் கணக்கு. குளிர்காலத்தில் தனுஷ்கோடியின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் இறங்கும் (2025இல் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது, எங்களுக்கு அது பெரிய சந்தோஷம்). பறவைகள் காற்றை எதிர்த்தே எழும், காற்றை எதிர்த்தே இறங்கும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், காலையில் கூட்டத்துக்குக் கிழக்கே நின்றால் வெயிலும் காற்றும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். பறவை முகம் காட்டி உங்களை நோக்கி வரும். சேற்றில் இறங்கி நெருங்க வேண்டாம். தலை கவிழ்த்து மேய்கிற கூட்டம் மொத்தமாகத் தலை தூக்கி ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால், நீங்கள் அளவுக்கு மீறி வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிடுங்கள். பறக்கும் படம் வேண்டும் என்று கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தூரதேசத்துப் பயணத்துக்காகத் தின்று சேர்த்த கொழுப்பை அந்தக் கூட்டம் அங்கேயே செலவழிக்கிறது.

கடலுக்குள் பெரும்பாலும் சில மீட்டர்தான் தெளிவாகத் தெரியும். விரிந்த பவளத்திட்டுக் காட்சியை எதிர்பார்க்காமல், கை எட்டும் தூரத்தில் இருப்பதை எடுங்கள். ஆழம் கூடக்கூடச் சிவப்பு நிறம்தான் முதலில் மறையும், ஐந்தாறு மீட்டரிலேயே எல்லாம் நீலப்பச்சை ஆகிவிடும். ரா (RAW, கேமரா சுருக்காமல் சேமிக்கும்) கோப்பாக எடுத்தால் நிறத்தை ஓரளவு மீட்கலாம். ஃபிளாஷைக் கேமராவோடு ஒட்டி வைத்தால் நீரில் மிதக்கும் துகளெல்லாம் மாவு தூவியது போல மின்னும், அதனால் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். துடுப்புக் காலால் அடிமணலைக் கிளப்பாமல் மிதக்கப் பழகியவருக்கே கேமரா உதவும். பவளத்தின் மேல் கால் ஊன்றவே கூடாது. 2010, 2016 கோடைகளில் நீர் சூடாகி இங்கே பவளங்கள் வெளிறின. வெள்ளைப் பவளம் படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது நோயாளியின் படம். அதைச் சொல்லியே பகிருங்கள்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இலிருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. முக்குளிக்கக் கூட்டிப்போகிறவரிடம் அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. கரை ஒதுங்கிய பவளத்துண்டைக் கூட எடுக்க வேண்டாம். ஆவுளியா (கடல்பசு) கண்ணில் பட்டால் படகின் இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்க அது மேலே வந்தாக வேண்டும், துரத்தினால் அதற்கும் தடை.

ட்ரோன் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், பக்கத்திலேயே சர்வதேசக் கடல் எல்லை.

நிலக்காட்சிக்குத் தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை விடியல் போதும். 1964 புயலில் இடிந்த தேவாலயத்தை எல்லோரும் எடுக்கிறார்கள், நீங்களும் எடுங்கள். பக்கத்தில் குடிசை போட்டு வாழ்கிறவர்களையும் கடலில் பாசி எடுக்கும் பெண்களையும் மட்டும் கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், பேச்சும் கொடுப்பார்கள்.

கருவி என்றால், பூநாரைக்கு 400 மி.மீ.க்குக் குறையாத லென்ஸ். ராமேஸ்வரம் தீவின் ஓலைக்குடா பக்கம் மிதந்து பார்க்கச் சிறிய நீர்புகாக் கேமரா போதும். கச்சான் காலத்தில் தனுஷ்கோடியில் மணல் பறக்கும், வெளியே லென்ஸ் மாற்றாதீர்கள். கடலிலிருந்து வந்ததும் நீர்புகா உறையைத் திறக்கும் முன் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பொத்தான்களை அழுத்தி அழுத்தி உப்பை வெளியேற்றுங்கள்.