பதில்: 2022 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், கலிபியே மலையில் பொகாச்சர் ஏன் ரோக்லிச்சை விட்டுவிடவில்லை?

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருந்த பொகாச்சரைவிட யும்போ அணியின் ரோக்லிச் 2 நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார், அவரைத் துரத்தாமல் அவருடைய அணித்தோழர் விங்கெகோரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா என்கிறீர்கள். காகிதத்தில் சரி. ஆனால் அன்று அதே யும்போ அணியின் வான் ஆர்ட் முன்கூட்டியே பிரேக்அவேயில், அதாவது கூட்டத்தை விட்டு முன்னால் தப்பிய குழுவில், போயிருந்தார். ரோக்லிச் தப்பினால் இறக்கத்திலும் சமவெளியிலும் காற்றை மறைத்து இழுத்துப்போக ஆள் தயார். பொகாச்சரின் யுஏஇ அணியிலோ பென்னட்டும் லேங்கனும் கோவிட்டால் ஏற்கெனவே வெளியேறிவிட்டார்கள். துரத்த ஆள் இல்லாததால் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சி அணிந்த பொகாச்சரே ஒவ்வொரு அட்டாக்கையும் (திடீர்ப் பாய்ச்சலையும்) துரத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அதில்தான் பொறி. ரோக்லிச் பாய்வார், பொகாச்சர் எழுந்து மிதித்துப் பிடிப்பார், அடுத்த நொடி விங்கெகோர் பாய்வார். அவர்கள் இருவரும் மாறிமாறி மூச்சு வாங்கலாம், இவருக்கு இடைவெளியே இல்லை. 2,642 மீட்டர் உயரத்தில் இப்படி எரித்த சக்தியைச் சாப்பிட்டு மீட்க நேரமும் கிடைக்காது. கலிபியே உச்சிக்கு முன் பொகாச்சரே வேகம் கூட்டியது இன்னும் பெரிய தவறு என்பது என் கருத்து. அப்போது விங்கெகோர் சும்மா பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

கடன் அன்றைய கடைசி ஏற்றமான கிரனோனில் வசூலானது: 11.3 கிலோமீட்டர், சராசரி 9.2 சதவீத ஏற்றம். கடைசி 5 கிலோமீட்டருக்குள் விங்கெகோர் பாய்ந்தபோது பொகாச்சரால் இருக்கையிலிருந்து எழக்கூட முடியவில்லை. ஜிப் திறந்த ஜெர்சி இருபுறமும் படபடக்க, 2 நிமிடம் 51 விநாடி இழந்தார்.

பந்தயத்தை மறுபடி பார்க்கும்போது கலிபியேவுக்கு முன் வரும் டெலிகிராஃப் ஏற்றத்திலிருந்தே பாருங்கள். தொடக்கம் அங்கேதான்.