ஹனோயில் ஒரு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால், சைவக் குடும்பம் என்ன செய்யலாம்?

கேள்வி: கணவருக்கு ஹனோயில் வேலை. ஏழு வயது மகளோடு இப்போதுதான் குடிவந்திருக்கிறோம். கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரர்கள் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். மறுக்க மனமில்லை, போகவும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் சைவம் என்பதை இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். தட்டுகளெல்லாம் வைத்த பிறகு சொன்னால், சமைத்தவர் மனம் நொந்துபோவார்.

வியட்நாமிய மொழியில் சைவம் சாப்பிடுவதை "ஆன் சாய்" என்பார்கள்; அப்படிச் சொன்னால் அங்கே யாருக்கும் புரியும். புத்த வழிபாடு உள்ள பல வீடுகளில் சந்திர மாதத்தின் 1ஆம் நாளும் 15ஆம் நாளும், ஏறக்குறைய நம் அமாவாசை, பௌர்ணமியில், சைவம்தான் சமைக்கிறார்கள். அதனால் உங்கள் வழக்கம் அவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றாது.

"இறைச்சி வேண்டாம்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சிக்கலே மற்றவற்றில்தான். நெத்திலியை உப்பிலிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் 'நுவொக் மாம்' என்ற மீன் சாறு அங்கே சமையலுக்கும் போகும், தொட்டுக்கொள்ளவும் வரும். சுவைக்குப் போடும் தூளில் பெரும்பாலும் பன்றி எலும்புச் சாறு இருக்கும். சூப்புக்கு உலர்ந்த இறால், வதக்கப் பன்றிக்கொழுப்பு என்று இன்னும் உண்டு. இவற்றோடு முட்டையும் வேண்டாம் என்று வியட்நாமிய மொழியில் மொழிபெயர்த்து, அங்கே எல்லாரும் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஸாலோ செயலியில் அனுப்பிவிடுங்கள். சோயா சாஸ் போதும், காளான் தூள் போதும் என்றும் சேர்த்துச் சொன்னால் அவர்களுக்கு வேலை எளிது. தக்காளிச் சாற்றில் வேகவைத்த டோஃபு, வேகவைத்த வள்ளைக்கீரை, எள்ளும் வேர்க்கடலையும் வறுத்து உப்போடு இடித்த பொடி, இவையெல்லாம் அந்த ஊரின் அன்றாடச் சாப்பாடுதான். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டமாட்டார்கள். அதில் எலுமிச்சையோ ஏதாவது புளிப்புக் காயோ சேர்த்தால் அன்றைய சூப் தயார்.

இனி, உட்காரும் விதம். தரையில் பாய் விரித்தோ மேசையிலோ, எல்லாக் கறிகளும் நடுவில் ஒரே தட்டத்தில் இருக்கும். ஒவ்வொருவருக்கும் சின்னக் கிண்ணமும் குச்சிகளும். அதே தட்டத்தில் மற்றவர்களுக்கு மீனோ பன்றியோ இருக்கும், அவரவர் குச்சியும் எல்லாவற்றிலும் படும். அது ஒத்துவராதென்றால் உங்கள் கறிகளைத் தனிக் கிண்ணங்களில் உங்கள் பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். தனி மேசை மட்டும் கேட்காதீர்கள். சேர்ந்து உட்காரத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள்!

"சாப்பிடும்போது பானையைப் பார், உட்காரும்போது திசையைப் பார்" என்பது அவர்கள் பழமொழி. பானையில் எவ்வளவு மிச்சம், மற்றவர்களுக்குப் போதுமா என்று கவனித்துச் சாப்பிடு என்பது அதன் உட்கருத்து. வடக்கில் இன்னொரு வழக்கமும் உண்டு. சிறியவர்கள் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா என்று வரிசையாகப் பெரியவர்களைச் சாப்பிட அழைத்த பிறகே குச்சியைத் தொடுவார்கள். உங்கள் மகளுக்கு "மோய் ஓங், மோய் பா" என்று சொல்லிக்கொடுங்கள். தாத்தா, பாட்டி, சாப்பிடுங்கள் என்று பொருள். உச்சரிப்பு பிசகினாலும் அந்த வீட்டுப் பாட்டி பூரித்துப்போவார்.

குச்சிகளைச் சோற்றில் நட்டு வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோறு அப்படித்தான் இருக்கும். பொதுத் தட்டிலிருந்து எடுத்ததை நேராக வாயில் போடாமல் முதலில் உங்கள் கிண்ணத்தில் வையுங்கள். கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவதே அங்கே மரியாதை. மகளுக்கு ஸ்பூன் கேட்கலாம், தவறில்லை. முதலில் கறியோடு சோறு சாப்பிட்டுவிட்டு, கடைசியில் நாம் ரசம் ஊற்றிக்கொள்வதுபோல அந்தக் கீரைத் தண்ணீரை ஊற்றிக்கொள்வார்கள்.

உங்கள் கிண்ணத்தில் யாராவது எதையாவது எடுத்து வைத்துக்கொண்டே இருப்பார்கள். அது அன்பு. கிண்ணத்தில் மிச்சம் வைக்கக் கூடாதென்பதால், சோறு வாங்கும்போதே பாதிக் கிண்ணம் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

கையில் நல்ல பழங்கள் கொண்டுபோங்கள். முன்னோர் பீடத்தில் வைத்து ஊதுவத்தி ஏற்றிய பிறகே வெட்டுவது பல வீடுகளில் வழக்கம். அதனால் உடனே பிரிக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

அப்புறம், திருப்பி அழைக்கும்போது உங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே வைத்துவிடுங்கள். ஒன்பது மணிவரை காத்திருப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. காரத்தையும் குறையுங்கள், ஹனோய்க்காரர்கள் நம் அளவுக்குக் காரம் தாங்கமாட்டார்கள்.